மூணாவதில் நின்றவர்

கிளட்ச் பெடல் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

கொளஞ்சியப்பன் கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, வயிற்றை ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே பக்குவமாகச் செருகி, இடது காலை உள்ளே இழுத்துக்கொள்வதற்குள் அதைப் பார்த்துவிட்டார். யாரோ அதுவரை அதை அடிமட்டம்வரை மிதித்து வைத்திருந்து, முதலாளி வந்துவிட்டார் என்று மரியாதைக்குக் காலை எடுத்துக்கொண்டதுபோல, ரப்பர் போட்ட அந்தக் கறுப்புப் பெடல் தரையிலிருந்து மெதுவாக, ஒரு பெருமூச்சு விடும் நேரம் எடுத்துக்கொண்டு, எழுந்து தன் இடத்தில் நின்றது.

“அண்ணே, பெடல் தானா ஏறுதே?”

கண்ணையன் கையைத் துணியில் துடைத்தபடி குனிந்து பார்த்தார். அரியலூர் புறவழிச்சாலையில் முப்பது வருஷமாகச் சுண்ணாம்புக்கல் லாரிகளின் கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டுகிற மனிதர். வாயில் வார்த்தை குறைவு. இருப்பதும் கிரீஸ் படிந்த வார்த்தைகள்.

“காத்து புடிச்சிருக்கும் சார், எண்ணெ லைன்ல. நாலு நாள் ஓட்டுனா சரியாப் போவும்.”

“அதான் நானும் நெனச்சேன்,” என்றார் கொளஞ்சியப்பன். அவர் அப்படி எதையும் நினைத்திருக்கவில்லை. ஆனால், பிறர் சொன்னதை முன்பே நினைத்திருந்ததாகச் சொல்வதில் அவருக்கு இருபது வருஷப் பழக்கம்.

பக்கத்து சீட்டில் அவர் மனைவி நந்தினி கைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். புருஷன் மேனுவல் கியர் போட்டு முதன்முதலாக வண்டியை எடுக்கும் வரலாற்றுச் சம்பவத்தைப் படம்பிடிக்க, சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்த கையோடு, பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வரவழைக்கப்பட்டவள்.

“எடுக்கட்டுமா? இல்ல, வயித்த உள்ள இழுத்துக்கிறீங்களா?” என்றாள்.

பெரம்பலூரில் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் கொளஞ்சியப்பனுக்கு வயது நாற்பத்து நான்கு. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்துவிட்டது, மருந்து கொடுங்கள் என்று வந்து நிற்கும் விவசாயிகளை நிற்க வைத்தே முறுக்குவிசை பற்றியும் குதிரைத்திறன் பற்றியும் அரைமணி நேரம் வகுப்பெடுப்பார். புழுவுக்கும் அது கொண்டாட்டம்தான். அந்த அரைமணியில் அது இன்னும் இரண்டு குருத்தைத் தின்றுவிடும். கோயம்புத்தூர் மில் முதலாளி மகன் ஒருவன் சலித்துப்போய்த் தள்ளிவிட்ட சிவப்பு நிற ஜப்பான் வண்டியை, இரண்டே கதவு, தரையைக் கூட்டிக்கொண்டு போகும் உயரம், போன வருஷம் வாங்கினார். இன்ஸ்டாகிராமில் கொளஞ்சியப்பன் என்ற பெயரை ‘கேசி’ என்று கத்தரித்துக்கொண்டார். கொளஞ்சியப்பர் கோயிலில் நேர்ந்து பெற்ற பிள்ளை என்பதால் வைத்த பெயர். அது வேகத்துக்கு ஒத்துவரவில்லையாம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒருநாள், பதினொரு பேர் கொண்ட அவருடைய கார் பிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில், இவர் போட்ட படத்துக்குக் கீழே ஒருவன் எழுதினான்: “ஆட்டோமேட்டிக்கா? அப்ப ஸ்கூட்டி ஸ்டாண்டுல நிறுத்துங்க ஜி.”

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவருக்குத் தூக்கமில்லை. நாளைக் காலை ஆறு மணிக்குத் திருச்சியில் அந்தக் குழு கூடுகிறது. மற்ற பத்துப் பேர் முன்னால், கையால் கியர் போட்டுக்கொண்டு போய் இறங்கவேண்டும். உலகத்தில் அவருக்கு அப்போது வேறு லட்சியமே இல்லை.

கண்ணையன் ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்த்தார். “கியர்பாக்ஸ மட்டும் மாத்துனா போதும்னு நெனைக்காதீங்க சார். பாக்ஸ் வந்தா கிளட்ச் வேணும். கிளட்ச் வந்தா பெடல் வேணும், அதுக்குத் தரையக் கிழிக்கணும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் பத்தாது. பாக்ஸ் உக்கார்ற சட்டம் வேற. எல்லாம் பண்ணாலும் வண்டிக்குள்ள கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கே, அது ஒத்துக்காது. பழைய பாக்ஸத் தேடிக்கிட்டே இருக்கும்.”

“அதெல்லாம் நான் படிச்சுட்டேன்ணே,” என்றார் கொளஞ்சியப்பன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் பன்னிரண்டு நிமிஷத்தில் மாற்றிக் காட்டியிருந்தான்.

அதே மாடலில், கம்பெனியிலேயே மேனுவல் போட்டு வந்த வண்டி அபூர்வம். அப்படி ஒன்று பாடாலூர் பக்கத்துப் பழைய இரும்புக்கடையில் நசுங்கிக் கிடப்பதாகத் தெரிந்ததும் இவர் ஓடினார். திருச்சி முதலாளி ஒருவரின் வண்டி. சென்னையிலிருந்து அதைக் கொண்டுவந்த டிரைவர் மணிவண்ணன், வேப்பந்தட்டைக்காரர், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் விட்டுவிட்டார். ஆள் அங்கேயே போய்விட்டார். பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவி மலர்கொடி இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில். முன்பக்கம் சப்பளிந்துபோன அந்த வண்டிக்குள் இவர் எட்டிப் பார்த்தபோது, கியர் கம்பி மூணாவதில் நின்றுகொண்டிருந்தது.

“அதத் தொடாதீங்க சார்,” என்றார் இரும்புக்கடைக்காரர். “அந்தம்மா எழுந்து வந்து நியூட்ரல் பண்ணட்டும். அப்பறம் கழட்டிக்குங்க.”

அந்தப் பக்கத்து லாரிக்காரர்களிடமும் இரும்புக்கடைக்காரர்களிடமும் உள்ள வழக்கம் அது. ஓட்டினவன் சீட்டிலேயே செத்திருந்தால், அவன் வீட்டு ஆள் ஒருவர் வந்து, தன் கையால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, “போதும், இறங்குங்க” என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதற்கு முன்னால் அந்த வண்டியில் ஒரு திருகாணியைக்கூட யாரும் கழற்றமாட்டார்கள். பூசை, எலுமிச்சம்பழம் எல்லாம் அப்புறம்தான்.

கொளஞ்சியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தம்மா எழுந்து வர இரண்டு மாதம் ஆகும். திருச்சிக் கூட்டம் அதுவரை காத்திருக்குமா? “பேசிட்டேன்ணே. அந்தம்மா என்னயவே தம்பியா இருந்து பண்ணச் சொல்லிட்டாங்க,” என்று கூசாமல் புளுகினார். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கைபேசியைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தபடி, கியர் கம்பியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வரவில்லை. கடைசியில் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஷூக் காலால் ஓங்கி ஓர் உதை விட்டார். ‘ணங்’ என்று நியூட்ரலில் விழுந்தது. படத்தில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்.

பாக்ஸ் அரியலூர் வந்ததும் கண்ணையன் கேட்ட முதல் கேள்வி, “வூட்டுக்காரங்க வந்து நியூட்ரல் பண்ணுனாங்களா சார்?”

“பண்ணிட்டாங்க.”

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை.

இப்போது பட்டறைக்கு முன்னால் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கார்த்திகை மழை அப்போதுதான் விட்டிருந்தது. மணி ஐந்துதான் என்றாலும் வானம் ஈரச்சாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சாலையெல்லாம் சுண்ணாம்புக்கல் தூசி மழையில் கரைந்து, வெள்ளைக் கூழாக வழிந்தது. டீக்கடை பெஞ்சில் ஐந்தாறு லாரி டிரைவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கியர் தகட்டில் பழைய ஆட்டோமேட்டிக்கின் எழுத்துகள் இன்னும் எரிந்தன. “அது என்னண்ணே, N-னு காட்டிக்கிட்டே இருக்கு?”

“திருச்சியிலேர்ந்து வந்த கம்ப்யூட்டர் ஆளு ரெண்டு ஒயர முறுக்கி வுட்டிருக்கான் சார். எப்பவும் நியூட்ரல்லதான் இருக்கோம்னு அத நம்ப வெச்சிருக்கு. இல்லன்னா ஸ்டார்ட்டே ஆவாது.”

கொளஞ்சியப்பன் முதல் கியரைப் போட்டார். வண்டி தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடி. துள்ளி அணைந்தது. ஆறு தடவை. பெஞ்சிலிருந்து ஒருவர், “முதலாளி, சுத்தமா எறங்கித் தள்ளிக்கிட்டே போயிடுங்க, சீக்கிரம் போயிடலாம்,” என்றார். டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தார்கள். கொளஞ்சியப்பன் பன்னிரண்டு வருஷமாக ஆட்டோமேட்டிக் தவிர வேறு ஓட்டாதவர். அதற்கு முன்னால் டிரைவர் வைத்திருந்தவர். லைசென்ஸை யார் மூலமாக வாங்கினார் என்பது வேறு கதை.

ஏழாவது தடவை வண்டி வெண்ணெயில் இழுத்த நூல் மாதிரி நகர்ந்தது.

அப்படி ஒரு நகர்வு. துள்ளல் இல்லை, இரைச்சல் இல்லை. முதலாவதிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூணாவது. மூணாவது விழும்போது மட்டும் கியர் கம்பிக்கு அடியில் எங்கோ ஒரு மெல்லிய ‘ம்’ என்ற சத்தம், யாரோ உதட்டைத் திறக்காமல் ஆமோதித்ததுபோல. கொளஞ்சியப்பன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். பெஞ்சுக்காரர்கள் சிறுத்துப் போனார்கள்.

“பரவால்லையே,” என்றாள் நந்தினி. “நல்லாத்தான் ஓட்டுறீங்க.”

பதினாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவளிடமிருந்து அவருக்கு வந்த முதல் பாராட்டு. பெரியவர்கள் பாராட்டுக்குப் பதில் சொல்வதில்லை.

பெரம்பலூர் சாலை. இரண்டு பக்கமும் மழையில் ஊறிய கரிசல், பருத்திக்காட்டின் பச்சை வாடை, சக்கரத்துக்கு அடியில் தண்ணீர் கிழியும் சீற்றம். எதிரே வரும் லாரிகளின் விளக்கு ஈரக் கண்ணாடியில் பட்டுப் பரவி, உள்ளே இருட்டை இன்னும் இருட்டாக்கிவிட்டுப் போனது. கியர் கம்பியின் குமிழ் வெதுவெதுப்பாக இருந்தது. புகைக்குழாய் அதற்குக் கீழேதானே போகிறது, கண்ணையன் ரப்பர் உறை சரியாகப் போட்டிருக்கமாட்டார் என்று அவர் முடிவு செய்தார். குமிழில் ஈரமும் இருந்தது. வியர்வை மாதிரி ஈரம். தன்னுடையதுதான் என்று அதற்கும் ஒரு முடிவு செய்தார். எதற்கும் முடிவு சொல்லத் தெரிந்த மனிதர்.

“கிராம்பு மென்னீங்களா?” என்றாள் நந்தினி.

“இல்லையே.”

“கிராம்பு வாசம் வருது.”

வந்தது. கியர் எண்ணெய் வாடைக்கும் புது ரப்பர் வாடைக்கும் மேலே, தூக்கம் வராமலிருக்க இராத்திரி டிரைவர்கள் கடைவாயில் அடக்கிக்கொள்வார்களே, அந்தக் காரமான, எச்சில் கலந்த கிராம்பு வாசம். வெளியிலிருந்து வரவில்லை, கண்ணாடிகள் மூடியிருந்தன. அவர் தோளுக்குப் பக்கத்திலிருந்து, யாரோ மூச்சு விடும் இடத்திலிருந்து வந்தது.

“கிளட்ச் தேயுது,” என்றார். “புது கிளட்ச் அப்படித்தான் வாசம் வரும். உனக்கு இதெல்லாம் தெரியாது.”

பேரளி தாண்டியதும் முன்னால் ஒரு லாரி. சிமென்ட் மூட்டை ஏற்றி, தார்ப்பாய் போட்டு, பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரிய, ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே போகலாம் என்று நினைத்து அவர் வேகத்தைக் குறைக்கப் பார்த்தார். அப்போதுதான் கியர் கம்பி அவர் கையோடு சேர்ந்து நகர்ந்து, நாலாவதிலிருந்து மூணாவதுக்கு வந்தது.

ம்.

எஞ்சின் உறுமியது. வண்டி லாரியைப் பார்த்துப் பாய்ந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். பாறையை மிதித்த மாதிரி இருந்தது. தார்ப்பாயின் முடிச்சுகள், தார்ப்பாயின் ஓரத்தில் சொட்டும் தண்ணீர், லாரியின் பின்பலகையில் யாரோ வரைந்திருந்த இரண்டு கண்கள். எல்லாம் பெரிதாகிக்கொண்டே வந்தன.

“ஏங்க! ஏங்க!”

கடைசி நொடியில் ஸ்டீயரிங் தானாக வலப்பக்கம் ஒடிந்தது. எதிரே வந்த பஸ்ஸின் ஹாரன் காதுக்குள் பாய்ந்து வெளியேறியது. மறுபடி இடப்பக்கம். லாரி பின்னால் போயிருந்தது. ஒரு கீறல் இல்லை. இருபது வருஷம் வண்டி ஓட்டிய கை செய்கிற காரியம் அது. உரக்கடைக்காரன் கை அல்ல.

கொளஞ்சியப்பன் கீழே பார்த்தார்.

அவருடைய இடது கால், ஓரத்தில் கால் வைத்துக்கொள்வதற்கென்று இருக்கும் மேட்டின்மேல், செருப்பு நழுவி, சும்மா கிடந்தது. பட்டறையிலிருந்து கிளம்பிய ஏழாவது தடவையிலிருந்தே அது அங்கேதான் கிடந்திருக்கிறது. இப்போது நினைத்தால் தெரிகிறது. அவர் ஒருமுறைகூட மிதிக்கவில்லை.

கிளட்ச் பெடல் கீழே போனது. கம்பி நகர்ந்தது. பெடல் மேலே வந்தது. நிதானமாக, அழகாக.

பெரம்பலூர் நான்கு ரோட்டு சிக்னலில் சிவப்பு விழுந்ததும் வண்டி மரியாதையாகக் கோட்டுக்குப் பின்னால் நின்றது. விதியை மதிக்கிற டிரைவர். பச்சை விழுந்ததும் ஊருக்குள் போய், பாலக்கரை தாண்டி, ஓரமாக ஒதுங்கி, தானாகவே நின்றது. சுற்றிலும் ஜனம், பழ வண்டிகள், பரோட்டாக் கல்லின் சத்தம். பெரம்பலூரின் சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

“என்ன பண்ணி வெச்சீங்க?” என்றாள் நந்தினி. விடைத்தாளில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவனைக் கேட்கும் குரல்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தம்பி என்று புளுகியது. ஷூக் காலால் உதைத்தது. கண்ணையனிடம் சொன்ன ஒற்றை வார்த்தை.

“செத்த மனுசன் கைய ஷூக்காலால எட்டி ஒதச்சிருக்கீங்க.”

“நான் கியரத்தான்...”

“அவரு கை அதுமேலதானே இருந்திருக்கு?”

கொளஞ்சியப்பன் குமிழிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். “வண்டிய இங்கயே வுட்டுட்டு ஆட்டோல வூட்டுக்குப் போயிடலாம்,” என்றார்.

“நாளைக்கு யாராவது ஒருத்தன் இதத் தள்ளி வெக்க ஏறுவான். அவன் எந்த லாரி பின்னால போயிச் சாவணும்? அந்தம்மா நம்பர் இருக்கா?”

இருந்தது. இரும்புக்கடைக்காரர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். நந்தினி போட்டாள், ஒலிபெருக்கியில் வைத்தாள். இவள் யார், என்ன, ஏது என்றெல்லாம் சொல்லி, மன்னிப்பும் கேட்டு முடிக்கும்வரை அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

பிறகு மலர்கொடியின் குரல் கேட்டது. “கிராம்பு வாசம் வருதா?”

“வருதுக்கா.”

“மூணாவதுலயா நிக்கிறாரு?”

கொளஞ்சியப்பன் தகட்டைப் பார்த்தார். N அங்கே இல்லை. அந்த இடத்தில் 3 எரிந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெடல் அடிமட்டத்தில் அழுந்தி இருந்தது.

“ஆமாக்கா. நீங்க ஒரு கை வெச்சுத் தள்ளிட்டா போதும். எங்களுக்கு உயிர்ப்பிச்சைக்கா.”

“ஆஸ்பத்திரியிலேர்ந்து வூட்டுக்கு வந்துட்டேன், ஆனா என்னால பஸ் ஏற முடியாது. நீங்களே கூட்டிக்கிட்டு வாங்க.”

வேப்பந்தட்டை பதினைந்து கிலோமீட்டர்தான். கொளஞ்சியப்பன் இறங்கிக்கொள்ளத்தான் நினைத்தார், கதவைக்கூடத் திறந்தார். நந்தினி, “போங்க, நானே கொண்டு போறேன்,” என்றாள். கார் ஓட்டவே தெரியாதவள். அவமானம் என்பது பயத்தைவிடப் பெரிய விலங்கு; அது அவரை மறுபடி உள்ளே இழுத்துப் போட்டது. கதவைச் சாத்தினார். சாத்தியதும் பெடல் எழுந்தது.

எசனை போனது. பச்சைமலையின் விளிம்பு மேகத்துக்குள் கரைந்து, கறுப்பு மட்டும் மீதி நின்றது. ஈர மண்வாடையும் கிராம்பும். நந்தினி கதவுப் பிடியை விடவில்லை. முன்னால் ஒரு லாரியும் வரவில்லை. வண்டி மிதமான வேகத்தில், பள்ளத்தில் சக்கரம் விழாமல், குறுக்கே வந்த ஆட்டுக்குட்டிக்கு நின்று, போனது. ஸ்டீயரிங்கின்மேல் அவர் கைகள் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தன. கையால் கியர் போட ஆசைப்பட்ட மனிதர், அந்தப் பதினைந்து கிலோமீட்டரும் ஒரு சீட் உறையாக உட்கார்ந்திருந்தார்.

வேப்பந்தட்டையில் பஸ் நிறுத்தம் தாண்டி எந்தச் சந்து என்று மலர்கொடியிடம் கேட்க மறந்துவிட்டார்கள். கேட்கத் தேவையிருக்கவில்லை. வண்டி இரண்டாவது சந்தில் திரும்பியது. மூன்றாவது வீட்டின் முன்னால் நின்றது.

மலர்கொடி வாசலிலேயே நின்றிருந்தாள். குழல்விளக்கு வெளிச்சத்தில், அலுமினிய வாக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத பட்டுப்புடவை. நெற்றியில் பெரிய குங்குமம். தலையில், அப்போதுதான் கட்டின மாதிரி, மல்லிகை.

புருஷன் செத்து இரண்டு மாதம் ஆகவில்லை.

நந்தினி இறங்கினாள். “அக்கா, அப்படியே சன்னல் வழியா கைய வுட்டு...”

“உக்காந்தாத்தான் கை எட்டும்மா.”

அது நியாயமாகத்தான் இருந்தது. நந்தினி அவளைத் தாங்கி, இடுப்பை வளைக்கவிடாமல், பக்கத்து சீட்டில் மெல்ல இறக்கி, கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். மலர்கொடி வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.

டக்.

சீட் பெல்ட்டை இழுத்தாள். மாட்டினாள்.

டக்.

“அம்மா,” என்றார் கொளஞ்சியப்பன். “கைய வெச்சு ஒரு தள்ளு. ‘போதும், எறங்குங்க’ன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான்.”

அவள் கையை வைத்தாள். கியர் கம்பியின்மேல் இருந்த அவர் கையின்மேல். குளிர்ந்த, ஆஸ்பத்திரி மருந்து வாடை அடிக்கும் கை. அவர் காத்திருந்தார். அவள் தள்ளவில்லை. அவர் விரல் கணுக்களை, ஒவ்வொன்றாக, தெரிந்த பொருளைத் தடவிப் பார்ப்பதுபோலத் தடவினாள்.

“அன்னிக்கு நான் தூங்கிட்டேங்க,” என்றாள். அவரிடம் அல்ல. “பேச்சுக் குடுத்துக்கிட்டே வா புள்ளன்னு சொன்னீங்க. உளுந்தூர்ப்பேட்ட வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்தேன். அப்பறம் தூங்கிட்டேன். நான் தூங்குனதும் உங்களுக்கும் கண்ணு சொக்கிடுச்சு.”

“அம்மா. நியூட்ரல்.”

அப்போதுதான் அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இரக்கமாகத்தான் பார்த்தாள்.

“நியூட்ரல் பண்ணுனா எறங்கிப் போயிடுவாருல்ல, தம்பி?”

கையை இழுத்தார். வரவில்லை. வலது கையால் கதவைத் திறக்க நினைத்தார். நினைத்தார், அவ்வளவுதான், வலது கை ஸ்டீயரிங்கைவிட்டு எழவில்லை. அது ஸ்டீயரிங்கைச் சரியான இடத்தில், சரியான இறுக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தது.

இடது கால் நகர்ந்தது. மேட்டிலிருந்து இறங்கியது. பெடலின்மேல் போய் உட்கார்ந்தது.

அவர் நகர்த்தவில்லை.

வெளியே நந்தினி கண்ணாடியைத் தட்டினாள். பிறகு அடித்தாள். பிறகு இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளே சத்தம் கேட்கவில்லை. அவள் வாய் மட்டும் தெரிந்தது. ஏங்க. ஏங்க.

“ஏங்க,” என்றாள் மலர்கொடி. “போலாம்.”

கால் எழுந்தது. வண்டி நழுவியது. சந்து. பஸ் நிறுத்தம். ஆத்தூர் சாலை. மலர்கொடி பேசிக்கொண்டே வந்தாள். அன்றைக்குச் சென்னையில் போய்வந்த கல்யாணத்துக்கு யார் யார் வந்திருந்தார்கள், சாப்பாட்டில் எது நன்றாக இல்லை, யார் இவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். ஒரு விநாடி நிறுத்தவில்லை. நடுவில் முந்தானையை எடுத்து அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். தூரத்தில், ரோட்டின் இடப்பக்கம், அசையாமல், ஒரு சிவப்பு விளக்கு.

கத்தவேண்டும். நந்தினி எங்கே, பின்னால் ஓடி வருகிறாளா பார்க்கவேண்டும். கொளஞ்சியப்பன் தன் முழு உயிரையும் திரட்டி, உள்கண்ணாடியைப் பார்த்தார்.

கண்ணாடியில் அவர் முகம் இருந்தது. கண்கள் அவரைப் பார்க்கவில்லை. அவை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் சொன்ன எதற்கோ அந்த முகம் உதட்டைத் திறக்காமல் சிரித்து, மெதுவாகத் தலையாட்டியது.